டயர் வெடிப்பது தெய்வச் செயலா?

பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்டை அல்ல, சக்கரத்தை!

2010-ம் ஆண்டு அக்டோபர் மாதம். புனேயிலிருந்து மும்பையை நோக்கி ஒரு கார் விரைந்துகொண்டிருந்தது. திடீரென்று பின்சக்கரத்தின் டயர் வெடித்தது. கார் நிலைகுலைந்து பள்ளத்தில் உருண்டது. அதில் பிரயாணம் செய்த 38 வயது மனிதர் ஒருவர் மாண்டார். அவருடைய சம்பாத்தியத்தை நம்பியிருந்த குடும்பம் நடுத்தெருவில் நின்றது.

குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். சுமார் 1¼ கோடி ரூபாய் கொடுக்கும்படி விபத்து நஷ்ட ஈட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி விடவில்லை. டயர் வெடிப்பது தெய்வச் செயல், அதற்கு மனிதன் பொறுப்பல்ல என்று மேல்முறையீடு செய்தது.

2023-ம் ஆண்டில் பம்பாய் ஹைகோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மனிதன் எதிர்பார்க்கவும் தடுக்கவும் முடியாத இயற்கைச் சீற்றம்தான் தெய்வச் செயல். டயர் வெடிப்பது அந்த இனத்தில் சேராது. மிதமிஞ்சிய வேகம், காற்றுக் குறைவு, காற்று மிகுதி, பிறர் ஓட்டிக் கழித்த டயர், உஷ்ணம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. புறப்படுமுன் டயரின் நிலைமையைப் பார்ப்பது ஓட்டுகிறவரின் கடமை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

ஒரு குடும்பத்தின் வழக்கில் பிறந்த தீர்ப்புதான். ஆயினும் பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு. இன்று நம் நாட்டில் புதுக் கார்களைக் காட்டிலும் பழைய கார்களே அதிகமாகக் கைமாறுகின்றன. முதன்முதலாகக் கார் வாங்குகிற குடும்பங்களில் பல, பிறர் ஓட்டிய காரைத்தான் வாங்குகின்றன. அந்தக் காரின் டயரையும் ஸ்பிரிங்கையும் பார்த்துச் சொல்வது யார்?

சர்க்கார் பார்ப்பதில்லை

லாரிக்கும் பஸ்ஸுக்கும் வாடகைக் காருக்கும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று உண்டு. முதல் 8 ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுதோறும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும்.

சொந்தக் காருக்கோ அந்தத் தொல்லை கிடையாது. பதிவு செய்த நாள்முதல் 15 ஆண்டு முடிகிறவரை எந்த அதிகாரியும் அதன் அடிவயிற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. அதற்குள் கார் மூன்று கை மாறியிருக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றும்போதும் பார்க்கப்படுவது காகிதங்கள்தான். புகைச் சான்று உண்டே என்று கேட்கலாம். அது புகையைச் சொல்லும்; டயரைச் சொல்லாது.

15 ஆண்டு ஆனதும் சட்டம் விழித்துக்கொள்கிறது. அப்போதும் அதன் கண் பெரும்பாலும் வயதின்மேலேயே விழுகிறது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆயிற்று. டில்லியிலோ, 10 ஆண்டு ஆன டீசல் காருக்கும் 15 ஆண்டு ஆன பெட்ரோல் காருக்கும் பங்கில் எண்ணெய் போடக்கூடாது என்று 2025 ஜூலை முதல் தேதி உத்தரவு அமலுக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

காற்று மாசு பெரிய விஷயம்தான். ஆனால் வயதைக் கொண்டு மட்டும் காரின் பத்திரத்தை நிர்ணயிக்க முடியுமா? நன்றாகப் பராமரித்த 14 வயதுக் கார் ஒழுங்காகப் போகும். கவனிப்பாரற்ற 6 வயதுக் கார் நெடுஞ்சாலையில் யமனாகும். 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்; 64,105 விபத்துகள். எல்லாவற்றுக்கும் டயர் காரணம் அல்ல. வேகம்தான் பெரிய குற்றவாளி. ஆனால் வேகமாகப் போகும் காரை நிறுத்த வேண்டியதும், திருப்ப வேண்டியதும் டயர்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அகலம். நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் ஒரு குடும்பம் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது!

ஆகவே, சர்க்கார் பார்க்காததை வாங்குகிறவரே பார்க்க வேண்டியிருக்கிறது. மாட்டுச் சந்தையில் விவசாயி என்ன செய்கிறார்? தோலின் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். காருக்குப் பல், டயர். நடை, ஸ்பிரிங்.

டயருக்கும் ஜாதகம் உண்டு

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டக் கூட்டுக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் பார்க்க வேண்டும்.

வயது ஏன் முக்கியம்? பள்ளம் நன்றாக இருந்தால் போதாதா? போதாது என்பதற்கு பிரிட்டனில் மூன்று உயிர்கள் விலையாயின. 2012 செப்டம்பரில், ஒயிட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து திரும்பிய ஒரு பஸ், சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் சிதறி மரத்தில் மோதியது. டிரைவரும் இரு பிரயாணிகளும் இறந்தனர். ஆராய்ந்து பார்த்தால், டயரின் பள்ளம் சட்டப்படி சரியாகவே இருந்தது. ஆனால் டயரின் வயது 19 ஆண்டுக்கு மேல்! பஸ்ஸைவிட டயர் மூத்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பல ஆண்டு போராடினார். அதன் பயனாக, 10 ஆண்டு தாண்டிய டயரைப் பஸ், லாரிகளின் முன்சக்கரத்தில் மாட்டக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் அங்கே சட்டம் வந்தது.

ரப்பர், ஓடினால் தேயும்; ஓடாவிட்டால் உலரும். வெயிலும் காற்றும் அதன் நெகிழ்ச்சியைத் தின்றுவிடும். “ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது” என்று தரகர் பெருமையாகச் சொல்லும் காரில்தான் இந்த ஆபத்து அதிகம். பத்து ஆண்டில் முப்பதாயிரம் ஓடிய காரின் டயர் பார்வைக்குப் புதிது, உள்ளே கிழம். ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறை நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றும், 10 ஆண்டு ஆனால் தேயாவிட்டாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் அந்தப் பத்தை எட்டும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் ரப்பர் உலர்ந்துவிட்டது. ஓரிடத்தில் கொப்புளம்போல் வீங்கியிருந்தால் உள்ளிருக்கும் நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் கார் வீடுவரைகூடப் போகக் கூடாது.

பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்டம் வைத்த எல்லை 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயரின் ஆயுள் தீர்ந்தது. மேடு இருக்கும் இடத்தைக் காட்ட, பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ, சிறு முக்கோணமோ இருக்கும். மழைக் காலத்துக்கு 1.6 போதாது, 3 மில்லிமீட்டர் இருப்பது நலம். பள்ளத்தின் வேலை தண்ணீரை வாரி வெளியே தள்ளுவது. பள்ளம் இல்லாத டயர் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

வழுக்கையான டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறி, கறுப்பு மை பூசி விற்கும் தந்திரமும் உண்டு. பள்ளத்துக்குள் அந்தக் குறுக்கு மேடுகள் வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பழைய டயர் சொல்லும் கதை

தேய்ந்த டயரைக் கண்டதும் முகம் சுளிக்க வேண்டாம். காரின் நோய்களை எல்லாம் எழுதிவைத்திருக்கும் ஓலை அது. படிக்கத் தெரிந்தால் போதும்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், காற்றை அளவுக்கு மீறி அடித்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நேராக நிற்கவில்லை. அலைன்மென்ட் கெட்டிருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், எங்கோ மோதி ஏதாவது வளைந்துமிருக்கலாம். மேடும் குழியுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. சக்கரம் தரையில் உருளாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

இதனால்தான், “நான்கு டயரும் புதுசு சார்!” என்ற வார்த்தையைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. விற்பதற்கு முந்தைய வாரம் புது டயர் போட்டால், நோயின் தடயம் அத்தனையும் பழைய டயரோடு போய்விடுகிறது. அது நல்ல மனதோடு போட்டதாகவும் இருக்கலாம். மூடி மறைக்கப் போட்டதாகவும் இருக்கலாம்.

அப்போது சாட்சி சொல்ல ஒருவன் மிஞ்சியிருப்பான். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னி! 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், உபரிச் சக்கரம் செய்து விற்ற டேவிஸ் சகோதரர்களால் வந்த பெயர் அது. அந்தத் தெருவை உலகம் மறந்தது. நம் ஊர் மெக்கானிக் இன்றும் மறக்கவில்லை. ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அதன் பிறந்த வாரத்தையும் தேய்மானத்தையும் பார்த்தால் காரின் பழைய வாழ்க்கை ஓரளவு தெரிந்துவிடும்.

நடக்கவிட்டுப் பாருங்கள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. இன்றைய காரின் அச்சாணிகள் பல: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங்.

அம்பாசிடர் காரின் பின்புறத்தில் லாரியைப்போல் அடுக்குப் பட்டை ஸ்பிரிங் இருந்தது. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கின் வேலை மேட்டிலும் பள்ளத்திலும் வரும் அடியை வாங்கிக்கொள்வது. ஆனால் அழுத்தி விட்ட ஸ்பிரிங் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அதன் சிறு துவாரங்கள் வழியே எண்ணெய் சிரமப்பட்டுப் புகுந்து போகும்போது ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆளில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்புகிற ஒவ்வொரு கணமும் பிரேக்குக்குப் பிடிமானம் கிடையாது. ஷாக் அப்சார்பர் உடல் நோகாமல் இருப்பதற்கு மட்டும் என்று எண்ணுவது பெரிய தவறு. அது உயிர் காக்கும் சாமான்.

சோதனை கடினமல்ல. சமதளத்தில் காரை நிறுத்தி இருபது அடி தள்ளி நின்று பார்த்தால், ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஒடிந்துமிருக்கலாம்.

பிறகு நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக உடல் பாரத்தால் அழுத்தி விட வேண்டும். மேலே வந்து ஒரே தடவையில் அமர்ந்துவிட்டால் நல்லது. தலையாட்டிப் பொம்மைபோல் ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஆடாததாலேயே நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் கூடாது. குனிந்து, குழாயின்மேல் எண்ணெயும் தூசியும் கலந்து கரிபோல் அப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ்கள் கிழிந்திருக்கின்றனவா, பால் ஜாயின்டின் ரப்பர் உறை பிய்ந்து கிரீஸ் வழிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கச் செய்யலாம். கைபிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே தூக்க வேண்டும். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாரும் புகக் கூடாது. கடிகாரத்தின் 12-லும் 6-லும் கைவைத்துச் சக்கரத்தை அசைத்தால் ஆடுகிறதா? பேரிங்கிலோ பால் ஜாயின்டிலோ கோளாறு. 3-லும் 9-லும் கைவைத்தால் ஆடுகிறதா? ஸ்டியரிங்கோடு சேர்ந்த மூட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியில் ஓட்டம். பேசிக்கொண்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டும் ஓட்டக் கூடாது. வழவழப்பான பெரிய சாலைக்கே தரகர் அழைத்துப் போவார். குண்டும் குழியுமான தெருவைக் கேட்டு வாங்க வேண்டும். மெதுவாகப் போகும்போது ‘டொக் டொக்’ என்ற சத்தம் வந்தால் மூட்டோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பிரேக் போட்டதும் மூக்கு மிகவும் கவிழ்ந்தால் முன் ஷாக் அப்சார்பர் பலவீனம். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கமே இழுத்தால் அலைன்மென்ட், டயர், பிரேக் மூன்றையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங் பார்க்க வேண்டும்.

எந்த டயர் வாங்குவது?

முதலில் மூட்டு வைத்தியம், பிறகு அலைன்மென்ட், அதன் பிறகே புது டயர். இந்த வரிசை மாறினால், புது டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஓரம் தேய்ந்து நிற்கும்.

அளவு, டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். 165/80 ஆர் 14 என்றால், டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். பக்கவாட்டு உயரம் அதில் நூற்றுக்கு 80 பங்கு. வட்டின் குறுக்களவு 14 அங்குலம். இந்த டயரின் முழு உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 185/70 ஆர் 14 போட்டால் உயரம் சுமார் 615, வித்தியாசம் அற்பம். அழகுக்காக 185/80 ஆர் 14 போட்டாலோ உயரம் 650-ஐத் தாண்டும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது கார் 63-ல் போகும். திருப்பத்தில் டயர் உடம்பில் உரசவும் கூடும். உயரம் ஒத்திருந்தாலும், வட்டுக்குப் பொருந்துமா, கம்பெனி அனுமதித்த அளவா என்று கேட்டே மாற்ற வேண்டும்.

அளவுக்குப் பின்னால் 82 டி, 85 டி என்பதுபோல் எண்ணும் எழுத்தும் வரும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 85 என்றால் 515 கிலோ. டி என்றால் 190 கிலோமீட்டர் வேகம்வரை செல்லும். இந்த எண் கம்பெனி குறித்ததைவிடக் குறையவே கூடாது. குடும்பமும் மூட்டை முடிச்சுமாகத் திருவிழாவுக்குப் போகிற நம் வழக்கத்துக்கு வேகத்தைவிடப் பாரமே முக்கியம்.

ஈரத்தில் பிடிப்பு, உருளும்போது எழும் தடை, சத்தம் ஆகிய மூன்றிலும் கார் டயர்கள் தேற வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2022-ல் விதி செய்தது. பிறர் கழற்றிப்போட்ட பழைய டயருக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்? 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய டயரைத் தேடி அலைய இருந்த காரணமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. புது டயர் வாங்கும்போதும் கடைக்காரரிடம் பிறந்த வாரத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நான்குக்கும் பணமில்லை, இரண்டுதான் முடியும் என்றால், ஒரே அச்சில் ஒரே ஜோடியாகப் போட வேண்டும். முன்னால் போடத்தான் பலருக்கும் தோன்றும். ஆனால் புது ஜோடி பின்னால் போவதே பத்திரம். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும். சாதாரண டிரைவரால் சமாளிக்க முடியாது. இப்படிச் செய்வதற்கு, முன்னால் மிஞ்சுகிற ஜோடியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

காற்றோ, செலவே இல்லாத வைத்தியம். மாதம் ஒரு முறை, டயர் சூடேறுவதற்கு முன், கதவுத் தூணில் எழுதிய அளவுக்கு அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது வயிறு நசுங்கி நசுங்கிச் சூடேறும். கோடை வெயிலும் நெடுஞ்சாலை வேகமும் கூடினால் வெடிக்கும். நைட்ரஜன் அடித்தால் கவலையில்லை என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்! எதை அடித்தாலும், அளவு பார்க்காவிட்டால் பயனில்லை.

மாற்ற வேண்டிய டயர் எத்தனை, ஷாக் அப்சார்பர் எத்தனை, புஷ் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, கடை விலையைக் கேட்டு, காரின் விலையில் கழித்துப் பேரம் பேச வேண்டும். காட்டவே மறுக்கிற வியாபாரியிடம் கும்பிடு போட்டு எழுந்துவிட வேண்டும்.

சட்டமும் விழிக்க வேண்டும்

எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிவிடலாமா? பிரிட்டனில் 1960-ல், 10 ஆண்டான வண்டிகளுக்குப் பிரேக், ஸ்டியரிங், விளக்கு ஆகியவற்றில் சோதனை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பத்தை மூன்றாகக் குறைத்தனர். 1968-ல் டயரையும் சேர்த்தனர். இன்று மூன்று ஆண்டு ஆன காரை அங்கே ஆண்டுதோறும் காட்ட வேண்டும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் சோதனை உண்டு.

நம் நாட்டிலும் யந்திரச் சோதனை நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 15 ஆண்டுவரை காத்திராமல், சொந்தக் கார் கைமாறும்போதாவது டயர், பிரேக், ஸ்டியரிங், ஸ்பிரிங் ஆகிய நான்கையும் பார்த்து ஒரு சீட்டுக் கொடுத்தால் என்ன? அது வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பார்கள் சிலர். நேர்மையான வியாபாரிக்கு அது நற்சான்றே ஆகும். கட்டணம் நியாயமாகவும், சோதனை மெய்யாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் மற்றொரு காகிதம் ஆகிவிடும்.

அந்தக் காலம் வருகிறவரை, காரைத் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டு ஓட்ட முடியாது. கோர்ட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறோம். அதே நேரத்தில் அந்தச் சக்கரத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டால் பாதி அபாயம் அங்கேயே பிடிபட்டுவிடும்.